முட்டி ஜவ்வு கிழிந்து 12 நாள்: ஆபரேஷன் இப்போதா, ஆறு வாரம் கழித்தா?

கேள்வி: என் தம்பிக்கு 21 வயது. பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறான். கபடியில் ரைடர். ஆடி மாதம் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில் நடந்த போட்டியில், ரைடு போய்த் திரும்பும்போது கார்னரில் நின்றவர் கணுக்காலைப் பிடித்துவிட்டார். கால் மண்ணில் ஊன்றியபடியே இருக்க, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டிக்குள் ‘டப்’ என்று சத்தம் கேட்டதாம். வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள் நன்றாக வீங்கிவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை. எம்.ஆர்.ஐ.யில் ‘ஏசிஎல் முழுக் கிழிசல், மீடியல் மெனிஸ்கஸில் கிரேடு 2 சிக்னல், எம்சிஎல் கிரேடு 1’ என்று எழுதியிருக்கிறார்கள். ஏசிஎல், எம்சிஎல் என்பவை முட்டி எலும்புகளைக் கட்டி வைத்திருக்கும் நார்களாம்; மெனிஸ்கஸ் என்பது எலும்புகளுக்கு நடுவிலுள்ள மெத்தையாம். இன்றோடு 12 நாள். வீக்கம் பாதி வற்றியிருக்கிறது. காலை முழுதாக நீட்ட வரவில்லை. முட்டிக்கு அடியில் தலையணை வைத்துத்தான் படுத்திருக்கிறான். ஒரு டாக்டர், இந்த வாரமே ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போட்டால் ஜவ்வு சுருங்கிவிடும் என்கிறார். இன்னொரு டாக்டர் ஆறு வாரம் கழித்து வரச் சொல்கிறார். பாட்டியோ கட்டுப் போடுகிறவரிடம் கூட்டிப்போகச் சொல்கிறார். “மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத்துக்கு நாலே நாளில் ஆபரேஷன் செய்தார்களே” என்று தம்பி கேட்கிறான். பொங்கல் போட்டியில் ஆட வேண்டும், போலீஸ் தேர்வுக்குப் போக வேண்டும் என்பது அவன் ஆசை. அப்பா இல்லை. முடிவு எடுக்க வேண்டியவள் நான்தான். என் நகையை அடகு வைத்து உடனே செய்துவிடலாமா?
— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் அக்கா, அரியலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நகையை இந்த வாரம் அடகு வைக்க வேண்டாம். நான் தம்பியின் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய விவரத்தை வைத்துத்தான் பேசுகிறேன். அந்த விவரப்படி இது அவசர ஆபரேஷன் கேட்கிற முட்டி இல்லை. 12-ம் நாளில், பாதி வீக்கத்தோடு, முழுதாக நீட்ட வராத ஒரு முட்டியில் ஏசிஎல் ஆபரேஷன் செய்வதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இரண்டாவது டாக்டர் சொன்னதன் பக்கம் நான் நிற்கிறேன். ஏன் என்று விளக்குகிறேன்.

அதற்கு முன், இன்றே பார்க்க வேண்டிய சில விஷயங்கள். தம்பியின் இரண்டு கெண்டைக்கால்களையும் கையால் அமுக்கிப் பாருங்கள். அடிபட்ட பக்கம் கல்லாக இறுகி, வீங்கி, தொட்டாலே வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். காய்ச்சலோடு முட்டி சூடாகச் சிவந்திருந்தால், அதிலும் ஊசி போட்டு ரத்தத்தை உறிஞ்சி எடுத்திருந்தால், கிருமி உள்ளே போயிருக்கலாம். பாதத்தையும் கட்டைவிரலையும் மேல்நோக்கித் தூக்கச் சொல்லுங்கள். தூக்க வரவில்லை என்றால் முட்டியின் வெளிப்பக்கம் ஓடும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கலாம். இவற்றில் எது இருந்தாலும் நாளைக்கு என்று வைக்காமல் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். மூச்சுத் திணறல் வந்தாலும் அப்படித்தான்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று. பைக் விபத்துகளில் முட்டி மொத்தமாகப் பிசகி, மூன்று நான்கு லிகமென்ட்கள் (எலும்புகளைக் கட்டும் நார்கள்) ஒரே நேரத்தில் அறுந்துபோவது உண்டு. அப்போது முட்டிக்குப் பின்னால் போகும் பெரிய ரத்தக்குழாயும் கிழியலாம். பாதம் சில்லிட்டுப்போனால், நாடி கிடைக்காமல் போனால், நேரத்தை மணிக்கணக்கில்தான் பார்க்க வேண்டும். ஆறு மணி நேரம் தாண்டத் தாண்ட, காலைக் காப்பாற்றுவதே கேள்விக்குறியாகிவிடும். முட்டி பிசகி, பிறகு தானாகவே இடத்துக்கு வந்துவிட்டாலும் இந்த ஆபத்து தீர்ந்துவிடாது. அப்படிப்பட்டவரை ரத்தக்குழாய் ஆபரேஷன் வசதி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோக வேண்டும். தம்பிக்கு நடந்தது அது அல்ல.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, ‘காலை முழுதாக நீட்ட வரவில்லை’ என்பது. இதற்கு இரண்டு காரணம் இருக்கலாம். வலியாலும் வீக்கத்தாலும் தொடையின் பின்பக்கத் தசை இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பது ஒன்று. முதல் இரண்டு மூன்று வாரத்தில் இதுதான் அதிகம். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கும். மற்றது, மெனிஸ்கஸ் நீளவாக்கில் கிழிந்து, அந்தத் துண்டு புரண்டு மூட்டின் நடுவில் சிக்கிக்கொள்வது. கதவுக்கு அடியில் செருப்பு மாட்டிக்கொண்டால் கதவு ஒரு இடத்தில் முட்டி நிற்குமே, அப்படி. ‘பக்கெட் ஹேண்டில்’ கிழிசல் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். அது மட்டும் இருந்திருந்தால் நானே “ஓரிரு வாரத்துக்குள் செய்யுங்கள்” என்று சொல்லியிருப்பேன். ஏனென்றால் சிக்கிய துண்டு நசுங்கி நசுங்கிக் கடைசியில் தைக்க முடியாததாகிவிடும். தம்பியின் ரிப்போர்ட்டில் அது இல்லை.

வீட்டிலேயே அளக்க ஒரு வழி இருக்கிறது. தம்பியைக் கட்டிலில் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். தொடை கட்டிலின் மேல் இருக்கட்டும்; முட்டிக்குக் கீழே உள்ள பகுதி கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். இரண்டு நிமிடம் தளர்வாக விட்டுவிட்டு, பின்னால் நின்று இரண்டு குதிகால்களையும் பாருங்கள். அடிபட்ட காலின் குதிகால் மற்றதைவிட மேலே நிற்கும். அந்த வித்தியாசத்தை ஸ்கேலால் அளந்து காலண்டரில் தேதிக்கு நேராக எழுதுங்கள். தோராயமாக 1 சென்டிமீட்டர் என்பது 1 டிகிரி. இன்றைக்கு 8 என்று வந்து, அடுத்த வாரம் 5, அதற்கடுத்த வாரம் 2 என்று இறங்கினால் நல்லது. எத்தனை நாளானாலும் அதே எண்ணில் நின்றால், ஏதோ மாட்டியிருக்கிறது என்று பொருள். ஆறு வாரம் காத்திருக்காமல் அப்போதே டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, ‘ஜவ்வு சுருங்கிவிடும்’ என்பதற்கு வருவோம். நம் ஊரில் லிகமென்டையும் ஜவ்வு என்கிறோம், மெனிஸ்கஸையும் ஜவ்வு என்கிறோம். பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஏசிஎல் என்பது தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டுக்கு உள்ளேயே கட்டி வைத்திருக்கும் கயிறு. ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நீளம்தான் இருக்கும். ஓடுகிறவன் சட்டென்று திரும்பும்போது கீழ்க்கால் எலும்பு முன்னால் நழுவாமல் பிடித்துக்கொள்வது அதன் வேலை. அது அறுந்தால் முனைகள் தேங்காய் நார் பிரிந்தாற்போல் பிரிந்து கிடக்கும். பெரும்பாலான ஆபரேஷன்களில் அந்தப் பழைய கயிற்றை நாங்கள் தைப்பதே இல்லை. தொடையின் பின்பக்கத்திலிருந்தோ, முட்டிச் சில்லுக்குக் கீழிருந்தோ வேறொரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அதன் வழியே புதுக் கயிறாகக் கட்டுகிறோம். பழையது சுருங்கினால் என்ன, சுருங்காவிட்டால் என்ன? இன்றைக்குச் செய்தாலும் ஆறு வாரம் கழித்துச் செய்தாலும் அதே கயிறு, அதே துளைதான்.

இதற்கு விலக்கு உண்டு. எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்திலிருந்தே ஏசிஎல் முழுசாகப் பிய்ந்திருந்தால் சில சமயம் அதையே திருப்பி ஒட்டலாம். எலும்புத் துணுக்கோடு பிய்ந்து வந்திருந்தால் அந்தத் துணுக்கை இடத்தில் வைத்துப் பொருத்த வேண்டும். இவற்றை மூன்று வாரத்துக்குள் செய்வது நல்லது. முதல் டாக்டர் இதை மனதில் வைத்துச் சொன்னாரா என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: “பழைய லிகமென்டையே ஒட்டப் போகிறீர்களா, வேறு தசைநாண் எடுத்துப் புதிதாக வைக்கப் போகிறீர்களா?” புதிதாக வைப்பதுதான் திட்டம் என்றால், இந்த வாரமே செய்தாக வேண்டும் என்பதற்குக் காரணம் இல்லை.

இப்போது என் பயத்தைச் சொல்கிறேன். அடிபட்ட முட்டிக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது, மூட்டின் உள்தோல் கோபமாக இருக்கிறது. அந்த நேரத்தில் நாங்கள் போய்த் துளை போட்டால் உடம்பு இரண்டாவது அடி விழுந்ததாக எடுத்துக்கொள்ளும். தேவைக்கு மேல் தழும்பை உண்டாக்கும். அந்தத் தழும்பு மூட்டுக்குள் பசை ஊற்றியது மாதிரி ஒட்டிக்கொண்டு, நீட்டவும் விடாது, மடக்கவும் விடாது. அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் டொனால்ட் ஷெல்போர்ன் என்ற எலும்பு மருத்துவர் 1991-ல் இதை எழுதினார். அடிபட்ட முதல் வாரத்தில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு, மூன்று வாரம் கழித்துச் செய்தவர்களைவிட முட்டி இறுகிப்போவது அதிகமாக இருந்தது. உலகம் முழுக்க ‘கொஞ்சம் ஆறட்டும்’ என்ற வழக்கம் அதற்குப் பிறகுதான் வலுத்தது.

எனக்கு இதைப் புத்தகம் மட்டும் கற்றுத்தரவில்லை. படிப்பு முடித்து வந்த புதிதில், நான் அப்போது வேலை பார்த்த ஆஸ்பத்திரியில், 26 வயதுத் தச்சர் ஒருவருக்கு ஒன்பதாம் நாளில் ஏசிஎல் ஆபரேஷன் செய்தேன். சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டும் என்று அவர் அவசரப்பட்டார். வீக்கம் வற்றட்டும் என்று சொல்ல வேண்டிய நான் சொல்லவில்லை. புதுக் கயிறு நன்றாகத்தான் பிடித்தது. மூன்று மாதம் கழித்து வந்தார். கால் 15 டிகிரி நீளவில்லை. மடக்கினால் 70 டிகிரியில் நின்றுவிட்டது. தரையில் உட்கார்ந்து பலகையைக் காலால் மிதித்துப் பிடித்துத்தான் அவர் இழைப்புளி போடுவார். அது முடியாமல், ஒரு ஸ்டூலில் கோணலாக உட்கார்ந்து வேலை செய்கிறேன் என்றார். மறுபடியும் மூட்டுக்குள் கருவி விட்டுத் தழும்பை வெட்ட வேண்டியிருந்தது. மடக்குவது பெருமளவு திரும்பியது. நீட்டுவதில் கடைசி 5 டிகிரி திரும்பவே இல்லை. 5 டிகிரிதானே என்று தோன்றும். முழுதாக நீளாத முட்டியில் நிற்கும்போதுகூடத் தொடைத்தசைக்கு ஓய்வு கிடையாது. சாயந்திரமானால் முட்டியின் முன்பக்கம் எரியும், நடையில் ஒரு சாய்வு விழும். லிகமென்ட் இல்லாத முட்டியோடு வாழ்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்; நீளாத முட்டியோடு வாழ்வது அதைவிடக் கஷ்டம். அவரை நினைக்காமல் நான் ஏசிஎல்லுக்குத் தேதி குறிப்பதில்லை.

தம்பியின் வினேஷ் போகத் கேள்வி நல்ல கேள்வி. 2023 ஆகஸ்ட் 13-ம் தேதி பயிற்சியின்போது அவருக்கு இடது முட்டியில் அடிபட்டது. 17-ம் தேதி மும்பையில் ஆபரேஷன். உண்மைதான். முதல் சில நாட்களுக்குள், தழும்பு உண்டாவது சூடு பிடிப்பதற்கு முன்பே, செய்து முடித்துவிடுவது ஒரு வழி. ஸ்வீடனில் 70 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 8 நாளுக்குள்ளும் மறு பாதிக்கு 6 முதல் 10 வாரத்திலும் செய்து பார்த்தார்கள். முட்டி மடங்குவதிலும் நீளுவதிலும் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை என்று 2018-ல் வெளியிட்டார்கள். ஆகவே சீக்கிரம் செய்தாலே கெட்டுவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மறுநாள் காலையிலிருந்தே பக்கத்தில் நின்று காலை நீட்டவைக்கும் ஃபிசியோதெரபிஸ்ட் இருந்தால்தான் அது பலிக்கும். தம்பிக்கு அந்த முதல் எட்டு நாள் ஏற்கெனவே போய்விட்டது. இப்போது அவன் இரண்டுக்கும் நடுவில், வீக்கமும் இறுக்கமும் இருக்கும் காலத்தில் நிற்கிறான். அவனிடம் இதையும் சொல்லுங்கள்: நாலு நாளில் ஆபரேஷன் செய்தும் அந்த ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியை வினேஷ் விட்டுவிட வேண்டியிருந்தது.

காத்திருக்கலாம் என்பதை வருடக்கணக்கில் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தப்பையும் தினம் பார்க்கிறேன். பெயின்ட் அடிக்கும் தொழிலாளி ஒருவர், சாரத்திலிருந்து குதித்தபோது ஏசிஎல் கிழிந்து, வலி குறைந்ததும் விட்டுவிட்டார். இரண்டு வருடமாக மாதத்துக்கு ஒரு முறை முட்டி ‘நழுவும்’, இரண்டு நாள் வீங்கும், பிறகு சரியாகிவிடும். என்னிடம் வந்தபோது உள்பக்க மெனிஸ்கஸ் கிழிந்து நைந்து, தைக்க ஒன்றும் மிச்சமில்லை. வெட்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. மெனிஸ்கஸ் என்பது இரண்டு எலும்புக்கும் நடுவிலுள்ள மெத்தை. அது போனால் தேய்மானம் சீக்கிரம் வரும். ஒவ்வொரு நழுவலும் அந்த மெத்தையை நசுக்குகிறது. நார்வே நாட்டுப் பதிவேட்டை வைத்து 2009-ல் வந்த ஆய்வில், அடிபட்டதிலிருந்து ஆபரேஷன்வரை தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும், குருத்தெலும்பு சேதம் காணப்படும் வாய்ப்பு ஏறக்குறைய 1 சதவீதம் கூடியது. ஆறு வாரத்தில் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. இரண்டு வருடத்தில் ஆகும்.

அப்படியானால் ஆபரேஷன் கட்டாயமா? இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். ஸ்வீடனில் 121 இளைஞர்களை வைத்து நடந்த சோதனை 2010-ல் வெளியானது. ஒரு பாதிப் பேருக்கு 10 வாரத்துக்குள் ஆபரேஷனும் பயிற்சியும். மறு பாதிப் பேருக்குப் பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு ஆபரேஷன். இரண்டு வருடம் கழித்து முட்டியின் நிலையில் இரு தரப்புக்கும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. காத்திருந்த 59 பேரில், ஐந்து வருடத்துக்குள் 30 பேர் ஆபரேஷன் செய்துகொண்டார்கள். மற்றவர்கள் செய்யாமலே சமாளித்தார்கள். நெதர்லாந்தில் 167 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான சோதனையிலும், முதலில் பயிற்சி செய்தவர்களில் பாதிப் பேர் கடைசிவரை ஆபரேஷனுக்குப் போகவில்லை. ஆனால் பிரிட்டனில் 2022-ல் வந்த சோதனை வேறு கதை சொல்கிறது. அதில் சேர்ந்த 316 பேரும் அடிபட்டு நாளாகி, முட்டி நழுவுகிறது என்று வந்தவர்கள். அவர்களுக்கு ஆபரேஷன்தான் கூடுதல் பலன் தந்தது.

இவற்றைச் சேர்த்துப் பார்த்து நான் எடுத்துக்கொள்வது இது. முதலில் சில வாரம் பயிற்சி செய்கிறவருக்கு நஷ்டம் இல்லை. முட்டி நழுவிக்கொண்டே இருப்பவர் ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே போகக் கூடாது. ரைடர் என்பவன் ஒவ்வொரு ரைடிலும் ஒற்றைக்காலில் திரும்புகிறவன். மறுபடி ஆடுவேன் என்று உறுதியாக இருந்தால் தம்பிக்கு ஆபரேஷன் தேவைப்படும் என்றே நினைக்கிறேன். கபடியை விட்டுவிடுகிறேன் என்று அவனே மனமாரச் சொன்னால், பயிற்சியோடு மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். அந்த முடிவை மட்டும் நீங்கள் அவனுக்காக எடுக்காதீர்கள்.

ஆறு வாரம் என்பதும் பஞ்சாங்கத்தில் குறித்த நாள் அல்ல. நான் தேதி கொடுப்பதற்கு முன் பார்ப்பது: மற்ற காலைப் போலவே இதுவும் முழுதாக நீள்கிறதா, 120 டிகிரியாவது மடங்குகிறதா, வீக்கம் வற்றிவிட்டதா, படுத்துக்கொண்டு காலை நேராகத் தூக்கும்போது முட்டி தொய்ந்து மடங்காமல் நிற்கிறதா, நொண்டாமல் நடக்கிறானா. சிலர் மூன்றரை வாரத்தில் இங்கே வந்துவிடுவார்கள், சிலருக்கு எட்டு வாரம் ஆகும். இன்னொன்று: மண் தரையில் உரசிய சிராய்ப்பு முட்டியைச் சுற்றி இருந்தால் அது முழுக்க ஆறி, பொருக்கு உதிர்ந்திருக்க வேண்டும். கபடி ஆட்டக்காரர்களிடம் இதை நான் விடாமல் பார்ப்பேன். ஆறாத புண்ணுக்குப் பக்கத்தில் கத்தி வைத்தால் கிருமி மூட்டுக்குள் போகும். இந்தக் காத்திருப்பில் தம்பியின் எம்சிஎல் கிரேடு 1 காயமும் ஆபரேஷன் இல்லாமலே ஆறிவிடும்.

ரிப்போர்ட்டில் ‘மெனிஸ்கஸ் கிரேடு 2 சிக்னல்’ என்பதைப் பார்த்து நிறையப் பேர் பயந்துபோய் வருகிறார்கள். அது மெனிஸ்கஸுக்குள் நிறம் மாறித் தெரிகிறது என்பது மட்டுமே. மேற்பரப்பைத் தொடும் கிழிசல் இல்லை. அதற்காகத் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

இனி இந்த ஆறு வாரம் என்ன செய்வது? அந்தத் தலையணையிலிருந்து தொடங்குவோம். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். மடங்கிய நிலையில் வலி குறைவு, வீங்கிய முட்டிக்கு இடமும் கிடைக்கும். ஆனால் ராத்திரி முழுக்க அப்படியே கிடந்தால் மூட்டு அந்த மடங்கலிலேயே பழகி இறுகிவிடும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டிக்குக் கீழே ஒன்றுமில்லாமல் விடுங்கள். காலின் எடையே முட்டியைக் கீழே இறக்கும். பத்துப் பத்து நிமிடமாக ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை. வலிக்கும், பல்லைக் கடித்துக்கொள்ளும் அளவுக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். அதே நிலையில் தொடைத்தசையை இறுக்கி, முட்டியின் பின்பக்கத்தைப் படுக்கையை நோக்கி அழுத்தி ஐந்து எண்ணும்வரை பிடிக்கச் சொல்லுங்கள். அடிபட்ட முட்டியில் தொடைத்தசை தூங்கிவிடும். ஒரு வாரத்தில் தொடை இளைத்துப்போவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அதை எழுப்புவதுதான் இந்த ஆறு வாரத்தின் முக்கால்வாசி வேலை.

மடக்குவதற்கு, உட்கார்ந்து காலை நீட்டி, குதிகாலுக்கு அடியில் ஒரு எவர்சில்வர் தட்டை வைத்து மொசைக் தரையில் மெல்ல உடம்பை நோக்கி இழுக்கச் சொல்லுங்கள்; தட்டு வழுக்கிக்கொண்டு வரும். ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி 15 நிமிடம், பயிற்சி முடிந்ததும். நீளமான பிரேஸ் கொடுத்திருந்தால் அது நடக்கும்போது மட்டும். இருபத்துநாலு மணி நேரமும் மாட்டிக்கொண்டிருந்தால் முட்டி இறுகும். எப்போது கழற்றலாம் என்று டாக்டரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஊன்றுகோலோடு நடக்கும்போதும் குதிகால் முதலில் பட வேண்டும். விரல்நுனியில் தத்தித் தத்திப் போகிற பழக்கம் வேண்டாம். குத்த வைத்து உட்காரும் கழிப்பறை என்றால், நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள். பைக்கைத் தொடவே கூடாது. வீக்கம் வற்றி 110 டிகிரி மடங்க ஆரம்பித்ததும் நிலையாக நிற்கும் சைக்கிள் ஓட்டலாம். அதற்குப் பிறகான பயிற்சிகளுக்கு வாரம் இரண்டு முறையாவது ஃபிசியோதெரபிஸ்டிடம் போவது நல்லது. இந்தச் செலவை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.

பாட்டியிடம் என் மரியாதையைச் சொல்லுங்கள். அவர் வளர்ந்த காலத்தில் பக்கத்தில் வேறு வழி இருந்திருக்காது. ஆனால் வீங்கிய முட்டியை எண்ணெய் போட்டு அழுத்தி உருவினால் உள்ளே ரத்தக்கசிவு கூடும். மூங்கில் பத்தை வைத்து 21 நாள் இறுக்கிக் கட்டினால், நான் மேலே சொன்ன தச்சரின் நிலைமை ஆபரேஷன் இல்லாமலே வந்துவிடும். பாட்டிக்குக் கை சும்மா இருக்க முடியாது என்றால், ஐஸ் வைப்பதை அவரிடம் ஒப்படையுங்கள்.

எல்லா லிகமென்டுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது என்பதையும் சொல்ல வேண்டும். முட்டியின் வெளிப்பக்க லிகமென்ட்கள் முழுக்க அறுந்தால் தானாகச் சேருவது அரிது. இரண்டு மூன்று வாரத்துக்குள் செய்தால்தான் திசுக்களைப் பிரித்தறிந்து தைக்க முடியும். பைக்கிலிருந்து முட்டி குத்தி விழுகிறவர்களுக்குப் பின்பக்க லிகமென்டான பிசிஎல் எலும்புத் துணுக்கோடு பிய்ந்து வருவதை நம் பக்கம் அதிகம் பார்க்கிறோம். அதையும் தள்ளிப்போடக் கூடாது. உள்பக்க எம்சிஎல் நேர் எதிர்; பெரும்பாலும் பிரேஸ் போட்டாலே ஆறிவிடும். வளர்கிற வயதுப் பிள்ளைகளுக்கு ஏசிஎல் கிழிந்தால், எலும்பு வளரும் தட்டைக் காப்பாற்றத் தெரிந்த மருத்துவரிடம் சீக்கிரமே காட்டுங்கள். வளர்ந்து முடியட்டும் என்று வருடக்கணக்கில் விட்டால் மெனிஸ்கஸ் போய்விடும்.

பொங்கல் போட்டி இந்த வருடம் இல்லை. இதை நீங்கள் சொன்னால் சண்டைக்கு வருவான். டாக்டர் சொன்னார் என்று சொல்லுங்கள். இன்றைக்கே ஆபரேஷன் செய்தாலும் தையில் ஆட முடியாது. வைத்த தசைநாண் முதல் சில மாதங்களில் வலுவிழந்து, பிறகுதான் மெல்ல லிகமென்டாக மாறும். நன்றாக நடக்கிறோம், வலி இல்லை என்று பையன்கள் களத்தில் இறங்குவது பெரும்பாலும் ஐந்தாம் ஆறாம் மாதத்தில். மறுபடி கிழிவதும் அங்கேதான். அமெரிக்காவின் டெலவேரிலும் நார்வேயின் ஆஸ்லோவிலும் நடந்து 2016-ல் வெளியான ஆய்வில், ஒன்பதாம் மாதம்வரை ஆட்டத்துக்குத் திரும்புவதைத் தள்ளிய ஒவ்வொரு மாதத்துக்கும் முட்டியில் மறுபடி அடிபடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. புரட்டாசியில் ஆபரேஷன் என்றால் அடுத்த ஆனிக்கு முன் களம் வேண்டாம். அப்போதும் ஒற்றைக்காலில் குதிக்கிற சோதனைகளில் இரண்டு காலும் ஒத்துப்போனால்தான் அனுமதிப்பேன்.

போலீஸ் தேர்வைப் பொறுத்தவரை, உடல்தகுதிச் சுற்றில் 1500 மீட்டர் ஓட்டம், கயிறு ஏறுதல், தாண்டுதல் எல்லாம் இருக்கிறது. நேராக ஓடுவதை ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று நான்கு மாதத்தில், தொடை வலுவைப் பார்த்து ஆரம்பிக்கலாம். தாண்டுவதற்கு அதைவிட நாளாகும். எழுத்துத் தேர்வுக்கு முட்டி வேண்டாம். குதிகாலுக்குத் தலையணை வைத்துக்கொண்டு படிக்க இந்த ஆறு வாரத்தைவிட நல்ல நேரம் அவனுக்குக் கிடைக்காது.

பணத்துக்கும் இந்த ஆறு வாரம் உதவும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை உங்கள் குடும்பத்துக்கு இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம். பிறகு இந்த ஆபரேஷன் அதில் வருமா, எவ்வளவு வரும் என்று ஆஸ்பத்திரியின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள் பலவற்றில் சிறு துளை வழியே செய்யும் முட்டி ஆபரேஷன் நடக்கிறது. தஞ்சாவூரிலோ திருச்சியிலோ எலும்புப் பிரிவு வெளிநோயாளிகள் நாளில் எம்.ஆர்.ஐ. படங்களோடு போய் ஒரு முறை காட்டுங்கள். ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது, படமும் வேண்டும்.

மூன்று வாரம் கழித்து, காலண்டரில் எழுதிய எண்களை எனக்கு அனுப்புங்கள். நடுவில் ஒரு முறையாவது முட்டி நழுவியதா என்பதையும் எழுதுங்கள். நழுவியிருந்தால் தேதியை முன்னால் கொண்டுவருவது பற்றி உங்கள் டாக்டரிடம் பேச வேண்டியிருக்கும். இன்றைக்கு ராத்திரி தம்பி தூங்குவதற்கு முன், அந்தத் தலையணையை மட்டும் முட்டிக்கு அடியிலிருந்து எடுத்துவிடுங்கள்.